அச்சகம் படிப்பகம் ஆனது: பழைய பட்டறைக் கட்டடத்தைப் புது வேலைக்குத் திருப்புவது எப்படி

ஒரு பழைய கட்டடத்தைப் பார்க்க என்னை யாராவது கூப்பிட்டால், "மழை பெய்யும்போது கூப்பிடுங்கள், வருகிறேன்" என்பதுதான் என் முதல் பதில். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை கொட்டும்போது ஒரு பட்டறைக்குள் அரை மணி நேரம் நின்றால் போதும். எந்த ஓடு ஒழுகுகிறது, எந்தச் சுவர் தண்ணீர் குடிக்கிறது, தெருத் தண்ணீர் படி ஏறுகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். வெயில் நாளில் பத்து முறை போனாலும் இது தெரியாது.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். இருபத்திரண்டு வருடமாக சைட் வேலை. கடைசி ஒன்பது வருடம் பெரும்பாலும் வடசென்னையில், மூடிக் கிடக்கும் அச்சகம், குடோன், லேத் பட்டறை ஆகியவற்றை வேறு வேலைக்குத் தயார் செய்கிறேன். இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் என் அப்பா. அவர் பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1870களிலும் 80களிலும் தொடங்கிய பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு மில்கள் பின்னால் ஒன்றானவை. எங்கள் ஓட்டேரியில் பின்னி மில் என்றால்தான் தெரியும். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான். 1996-ல் மில் மூடியது. அப்புறம் கொஞ்ச காலம் அங்கே சினிமா ஷூட்டிங் நடந்தது, பிறகு அடுக்குமாடிகள் எழுந்தன. அந்தச் சுவர்களுக்குள் முப்பது வருடம் நின்றவர்களிடம், எது எதற்காகக் கட்டப்பட்டது என்று யாரும் வந்து கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. அதனால்தான் எந்தக் கட்டடத்தை எடுத்தாலும், அது முதலில் என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு செங்கல்லைக்கூட நான் எடுக்க விடுவதில்லை.

இங்கே நான் சொல்லப்போவது ராயபுரத்தில் மன்னார்சாமி கோயில் தெருவை ஒட்டிய சந்தில் செய்த ஒரு வேலை. முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய சுண்ணாம்புத் தட்டைக் கூரை போட்ட ஆபீஸ் அறை. பின்னால் 60 அடி நீளம், 28 அடி அகலத்தில் ஓட்டுக்கூரை ஹால். அதற்கும் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சாய்ப்பு. ஒரு காலத்தில் அச்சகம்; பதினைந்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அண்ணன் தம்பி மூவருக்குச் சொந்தம். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்க ஒரு படிப்பகம் வேண்டும் என்று கேட்டார்கள்.

முதலில் வரலாறு

சொத்துப் பத்திரத்தில் ஆரம்பியுங்கள். வில்லங்கச் சான்றில் கணினியில் வரும் ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதற்கு முந்தைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். "வடக்கே இன்னார் எண்ணெய்ச் செக்கு, கிழக்கே உப்புக் கிடங்கு" என்று நான்கெல்லை எழுதியிருப்பார்கள். உங்கள் கட்டடம் என்னவாக இருந்தது என்பது பக்கத்து வீட்டுப் பத்திரத்தின் நான்கெல்லையில் கிடைப்பதும் உண்டு. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தொழிற்கூடம் பெரியது என்றால் அங்கே ஒரு நாள் உட்காருவது வீண்போகாது.

அச்சகத்துக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. 2024 வரை நடப்பில் இருந்த 1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டப்படி, ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டியிருந்தது. அதாவது, அந்தக் கட்டடத்தில் அச்சான ஒவ்வொரு புத்தகமும் அதன் முகவரியைச் சுமந்துகொண்டு எங்கோ இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாராவிலும் பழைய புத்தகங்களின் முதல் பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாம் நாள் கிடைத்தது: ஒரு பஞ்சாங்கம், ஒரு பள்ளிக்கூட வாய்ப்பாடு, ஒரு சித்த வைத்தியப் புத்தகம். மூன்றிலும் அதே தெரு, அதே கதவு எண். அந்த வாய்ப்பாட்டைக் கையில் பிடித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

எழுத்தை வைத்தும் காலத்தை ஊகிக்கலாம். பெயர்ப்பலகையிலோ பில் புத்தகத்திலோ யானைத் துதிக்கை போல வளைந்த பழைய லை, னை இருந்தால், 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எழுதியது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். முகவரியில் 'சென்னை-13' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழசு. '600 013' என்று இருந்தால் பின்கோடு வந்த 1972-க்குப் பிந்தியது.

கூரை ஓட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், முத்திரை இருக்கும். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். முதல் உலகப் போருக்குப் பிறகு அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போனது. முத்திரையும் மாறியது. இரும்பு உத்திரத்தில் டாடா என்று பொறித்திருந்தால் 1912-க்கு முன்னால் போயிருக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் எஃகு வார்க்கத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: ஓடும் உத்திரமும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சாமான்கள். ஒரு முத்திரையை மட்டும் நம்பி வயதை முடிவு செய்யக் கூடாது. பத்திரம், முத்திரை, ஆள் சொல்வது மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

அங்கே வேலை செய்தவரைத் தேடுங்கள்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். டீக்கடையில் கேளுங்கள், அயர்ன் வண்டிக்காரரிடம் கேளுங்கள். நான் கேட்டதில், இரண்டு தெரு தள்ளி எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் கிடைத்தார். முப்பத்தைந்து வருடம் அங்கே கம்பாசிட்டர், அதாவது ஈய எழுத்துகளைக் கோப்பவர். அவரை ஆட்டோவில் அழைத்து வந்தேன். ஹாலுக்குள் வந்ததும் நேராக வடக்குச் சுவர்ப் பக்கம் போய் நின்றார்.

"ஐயா, இங்கதான் உங்க இடமா?"

"ஆமாம்மா. எழுத்து வைக்கிற கேஸ் பெட்டி எல்லாம் இந்தச் சுவரோரம். ஈய எழுத்து கண்ணுக்குத் தெரியணும்னா நேர் வெயில் ஆகாது, பளபளன்னு அடிக்கும். வடக்கு வெளிச்சம்தான் சரி. அந்த ஜன்னலுங்கள மட்டும் அடைச்சிடாதீங்கம்மா."

எங்கள் வரைபடத்தில் அந்த ஆறு ஜன்னல்களில் நான்கை அடைத்து, அந்த இடத்தில் அலமாரி வைப்பதாக இருந்தது! அன்று சாயங்காலமே வரைபடத்தை மாற்றினேன். எழுத்துக் கோப்பதற்காக அமைத்த வெளிச்சம் புத்தகம் படிப்பதற்கும் அப்படியே பொருந்துகிறது. அவர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். அச்சடிக்கும் சிலிண்டர் மிஷின் நின்ற இடத்தில் தரைக்கு அடியில் கருங்கல் பாவியிருக்கிறது என்றார். மழைக்காலத்தில் தண்ணீர் வருவது வாசல் வழியாக அல்ல, பின்பக்கச் சாக்கடை மூலையிலிருந்து என்றார். தோண்டிப் பார்த்தோம், இரண்டும் உண்மை.

கருங்கல் தெரிந்ததால் ஒரு பெரிய கணக்கு தீர்ந்தது. வீட்டுத் தளத்தை சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குக் கணக்கிட்டால், நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பகுதிக்கு 600 கிலோவாவது கணக்கிட வேண்டும். அலமாரிகளை மிஷின் நின்ற இடத்துக்கே கொண்டுபோனோம்.

இப்படி முதல் வேலையும் அடுத்த வேலையும் ஒத்துப்போகும்போது செலவு நன்றாகக் குறைகிறது. தங்கசாலையில் நாணயம் அடித்த கட்டடம் பிறகு அரசு அச்சகம் ஆனது. கனமான இயந்திரம் நிற்கப் பழகிய இடம் அது. ஒத்துப்போகாத இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் அந்த முதல் வேலையே காட்டிக்கொடுக்கும். கடற்கரைச் சாலை ஐஸ் ஹவுஸைப் பாருங்கள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியை வைக்க 1842-ல் எழுந்த கிடங்கு. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், வராந்தாவும் ஜன்னல்களும் சேர்த்து வீடாக்கினார். பனிக்கட்டிக்குக் காற்று ஆகாது, மனிதருக்குக் காற்று வேண்டுமே. 1897-ல் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பின்னால் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு அங்கே இல்லம் நடத்தினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஒரே கட்டடம் எத்தனை வேலை பார்த்திருக்கிறது!

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் இடத்தின் நிலவகைப்பாட்டைப் பொறுத்து மாறும். பயன்பாட்டை மாற்றுவதற்குத் திட்ட அனுமதி வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத் தெரிந்த ஒரு பதிவுபெற்ற பொறியாளரிடம் வேலை தொடங்கும் முன்பே போங்கள். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சி.எம்.டி.ஏ.வில் கேளுங்கள், அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில் 2010-ல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அதற்கென ஒரு குழு அமைத்தார்கள். மின் இணைப்பின் வகையை மாற்றுங்கள். பிள்ளைகள் கூடும் இடம் என்றால் இரண்டாவது வாசல் கட்டாயம் வையுங்கள். விதி கேட்காவிட்டாலும் வையுங்கள்.

தூசியைத் தொடாதீர்கள்

பூட்டைத் திறந்ததும் பெருக்க ஆள் விடுவதுதான் வழக்கம். தொழிற்கூடத்தில் அப்படிச் செய்யவே கூடாது. அச்சு எழுத்து என்பது ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். முப்பது வருடம் எழுத்து புழங்கிய தரையின் இடுக்கிலும் ஜன்னல் விளிம்பிலும் படிந்திருக்கும் தூசியில் ஈயம் இருக்கும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம் அது. தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனி மூட்டையாகக் கட்ட வேண்டும். மரப் பரணில் மூன்று டப்பா எழுத்து கிடைத்தது. கையுறை போட்டு எடுத்தோம். தரையை ஈரமாகவே தேய்த்துக் கழுவி, மேலே கடப்பைக் கல் பாவிவிட்டோம். தோல் பதனிட்ட இடம் என்றால் மண்ணில் குரோமியம் இருக்கலாம், பேட்டரிப் பட்டறை என்றால் ஈயமும் அமிலமும் இருக்கலாம். மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் செடி வைக்க வேண்டும், போர்வெல் போட வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நோய் வர இருபது முப்பது வருடம் ஆகும், வந்தால் தீராது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். வேலையாட்களுக்கு பி-100 வடிகட்டி பொருத்திய முகக்கவசம் கொடுங்கள், என்-95 இதற்குப் போதாது. கர்ச்சீஃப் கட்டிக்கொண்டால் ஒரு பயனும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு, அபாயக் கழிவைப் பெறும் இடத்துக்கு அனுப்புங்கள். கும்மிடிப்பூண்டியில் அதற்கு வசதி இருக்கிறது. காலி மனையில் கொட்டிவிட்டு வராதீர்கள், அங்கே யாராவது வீட்டுப் பிள்ளை விளையாடும்.

கூரை

சுவருக்கு முன் கூரை. கூரை ஒழுகும்வரை சுவருக்குச் செய்யும் செலவெல்லாம் தண்ணீரில் போகும்.

ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மணி போல 'டங்' என்றால் நல்ல ஓடு. மந்தமாக 'டொக்' என்றால் உள்ளே கீறல். எங்களுக்குப் பத்தில் ஏழு தேறியது. நூறு சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும் என்று கணக்கு வைத்து, குறைந்ததைப் பழைய ஓட்டு வியாபாரியிடம் வாங்கினோம். வாங்கும்போது உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவும் கொக்கியும் மாறும், ஒன்றோடு ஒன்று உட்காராது.

ஓட்டை எடுத்ததும் மரம் தெரியும். தேக்குக் கைமரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவருக்குள் நுழையும் முனையில்தான் உளுத்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனையை வெட்டி, நல்ல பழைய தேக்கை ஒட்டுப்போட்டு போல்ட் முடுக்கலாம். முழு மரத்தையும் மாற்றச் சொல்பவரை உடனே நம்பிவிடாதீர்கள், இன்னொருவரையும் கேளுங்கள். ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்களை மட்டும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

முன் அறையின் மெட்ராஸ் டெரஸ் வேறு வகை. தேக்கு உத்திரங்களின் மேல் அச்சுக்கல் என்னும் மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் பிணைத்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பாவியிருப்பார்கள். இதன்மேல் சிமென்ட் கான்கிரீட் போட்டால் எடை கூடி உத்திரம் வளையும். தட்டோட்டின் இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து மறுபடி அடைத்து, தண்ணீர் வடியும் வாட்டத்தைச் சரி செய்தாலே பெரும்பாலும் ஒழுகல் நின்றுவிடும்.

சுவர்

என் நான்காவது வேலையில், வேறொரு குடோனில், கான்ட்ராக்டர் சொன்னார் என்று சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூச ஒப்புக்கொண்டேன். அடுத்த தை மாதத்துக்குள் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, பின்னால் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் அதோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளே அடைத்துவிடும்.

பூச்சு எது என்று சந்தேகம் வந்தால் சாவியால் கீறுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாம்பல் நிறமாக எதிர்த்து நின்றால் சிமென்ட். ராயபுரத்தில் நான்கடி உயரம் வரை சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சுவரைத் திறந்தே காயவிட்டோம். சொந்தக்காரர்கள் அவசரப்பட்டார்கள், நான் பிடிவாதமாக நின்றேன். அந்த நேரத்தில் சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் தண்ணீர் நிற்க ஒரு மாதம் ஊறப்போட்டோம். கடுக்காயை இடித்து வெல்லத் தண்ணீரில் புளிக்க வைத்தோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல், அந்தக் கடுக்காய்த் தண்ணீரில் குழைத்துப் பூசி, இரண்டு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிட்டோம். "கொஞ்சம் சிமென்ட் போட்டா சீக்கிரம் பிடிச்சிக்கும்கா" என்று கொத்தனார் தம்பி தினமும் கேட்பார். விடாதீர்கள். மேலே வெள்ளையடிப்பதும் சுண்ணாம்பில்தான். எமல்ஷன் அடித்தால் மறுபடி சுவரின் மூச்சை அடைத்த கதைதான்.

வெளிச்சம்

வடக்கு ஜன்னல் என்றால் வெயிலே வராது என்று நினைக்காதீர்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியனே நமக்கு வடக்கே நிற்கும். பெரியவரைக் கேட்டேன், அந்த மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று. "கோணியத் தொங்க விடுவோம்" என்றார். நாங்கள் வெளிப்பக்கம் கோரைப்பாய்த் தட்டி மாட்டினோம், சித்திரையில் இறக்கி ஆவணியில் சுருட்டும்படி. உள்ளே திரை போட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். தடுப்பு வெளியில்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, முதல் மழை

கூரை வேலையை ஆனி முடிவதற்குள் முடியுங்கள். அப்புறம் முதல் பெரிய மழைக்குக் காத்திருங்கள், மேசை நாற்காலி எதையும் அதற்கு முன் உள்ளே கொண்டுவர வேண்டாம். மழை தொடங்கியதும் டார்ச்சும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் நில்லுங்கள். சொட்டு விழும் இடத்துக்கு நேர்கீழே தரையில் வட்டம் போட்டு நேரத்தை எழுதுங்கள். மழை ஆரம்பித்ததுமே விழுந்தால் அங்கேயே ஓடு உடைந்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து விழுந்தால் தண்ணீர் எங்கோ மேலே நுழைந்து மரம் வழியாக வருகிறது, முகட்டோட்டிலிருந்து தேடிக்கொண்டு வாருங்கள். எங்கள் ஹாலில் அன்று ஐந்து வட்டம் போட்டோம். பெரியவரும் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பின்பக்கச் சாக்கடை மூலையைத்தான் முதலில் போய்ப் பார்த்தார். காய்ந்திருந்தது.